ஜொகூர் சுல்தான் அபு பக்கார் ஆங்கிலேயரின் கைப்பாவையா?

படிவம் ஐந்து வரலாற்றுத் தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரை ஆண்ட அவரைப் பற்றி என் பதில்: இல்லை. தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

நான் ஜொகூர் பாருக்காரன், வேலை சிங்கப்பூரில். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது உடன் வேலை பார்ப்பவர், "உங்கள் சுல்தான் இங்கிலாந்தில் ஆல்பர்ட் பேக்கர் என்று பெயரை மாற்றிச் சொல்லி ஒரு பெண்ணை ஏமாற்றினாராமே?" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிரவே அந்த விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனபோது வந்த தீர்ப்பைத் தேடிப் படித்தேன்.

திருமண வாக்கை மீறினார் என்று மிகெல் என்ற பெண் வழக்குப் போட்டது உண்மை. சுல்தான் ஏமாற்றினாரா இல்லையா என்ற விசாரணைக்கே வழக்கு போகவில்லை. அவர் சுதந்திர அரசர் என்று பிரிட்டிஷ் குடியேற்றநாட்டு அலுவலகமே எழுதிக் கொடுத்தது. எங்களுக்கு இவர்மேல் அதிகாரமில்லை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. கைப்பாவைக்கு யாராவது அப்படி எழுதிக் கொடுப்பார்களா?

பக்கத்து மலாய் மாநிலமான பேராக், ஆட்சிக்கு ஆலோசனை சொல்ல வரும் பிரிட்டிஷ் அதிகாரியான ரெசிடெண்டை 1874இலேயே ஏற்றுவிட்டது. அபு பக்கார் இருந்தவரை ஜொகூருக்கு ரெசிடெண்ட் வரவில்லை. ஆங்கிலேயருடன் செய்த 1885 ஒப்பந்தத்தில் வெளியுறவை விட்டுக்கொடுத்துத்தான் சுல்தான் பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்கினார், மறுக்கவில்லை. ஆனால் 1895 ஏப்ரலில் அவர் தந்த அரசியல் சாசனம், நாட்டை ஐரோப்பிய அரசு எதற்கும் ஒப்படைக்கக் கூடாது என்று சுல்தானின் கையையே கட்டியது. ஜூனில் லண்டனில் இறந்துபோனார்.

அரண்மனைக்குத் துதி பாடுகிறேன் என்று பின்னூட்டம் போடக் காத்திருப்பவர்களுக்கு: அவர் கருவூலத்தில் அபினிக் குத்தகைப் பணமும் இருந்தது, தெரியும். மிளகும், தோல் பதனிடப் பயன்படும் காம்பிரும் விளைவித்த சீனத் தொழிலாளர்களின் உழைப்பில்தான் ஐரோப்பியப் பயணங்கள் நடந்தன, அதுவும் தெரியும்.

இன்னொன்று. அவர் பிறந்தது சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில். அந்தக் காலத்தில் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான நீரிணையைப் படகில் கடந்தார்கள். அவர் மகன் இப்ராஹிம் காலத்தில், 1924இல் கடற்பாலம் திறந்தார்கள். நூறு வருடம் கழித்து நான் விடியற்காலை நான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பியும் எட்டு மணி வேலைக்குத் தாமதமாகிறேன்; மழை நாளில் கேட்கவே வேண்டாம். சிரித்தவருக்கு வீடு அலுவலகத்திலிருந்து பத்து நிமிடம்.

தீர்ப்பை அவருக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.