லேசிக் செய்த பிறகு கண் வறட்சி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: கண்ணாடி போடாமல் இருக்க லேசரால் செய்யும் லேசிக் ஆபரேஷன் செய்து இரண்டு மாதம் ஆகிறது. கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். ஆனால் சாயங்காலமானால் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, பார்வை மங்கி மங்கித் தெளிகிறது. ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா, டாக்டர்?

பதில்: ஆபரேஷன் நன்றாக நடந்தவர்களுக்கும் இப்படி வரும். உடம்பிலேயே உணர்வு நரம்புகள் மிக நெருக்கமாக உள்ள இடம் கருவிழி, அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் உள்ள கார்னியா. ஐந்தாம் மூளை நரம்பின் கிளைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடி, மேல்தோலுக்கு அடியில் வலைபோல் பரவுகின்றன. கண் காய்கிறது என்று மூளைக்குச் சொல்வது இவைதான். அதன் பிறகே கண்ணீர் சுரக்கிறது, இமை கொட்டுகிறது. லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை மூடிபோல் மெல்லிய ஃப்ளாப்பாக வெட்டித் திறக்கும்போது, ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பகுதி தவிர மற்ற இடத்து நரம்புகள் அறுபடுகின்றன. பம்ப்செட் மோட்டார் நன்றாக இருந்தும் ஒயர் அறுந்த நிலைமை இது. மேல்தோல் ஆறுவதற்கு வேண்டிய பொருட்களும் நரம்பிலிருந்தே வருவதால், அதுவும் கொஞ்ச காலம் நலிகிறது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பங்கேற்ற, லேசிக் செய்தவர்களிடமே கேட்டறிந்த ப்ரௌல் ஆய்வில், முன்பு வறட்சித் தொல்லையே இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் அதைச் சொன்னார்கள். இரண்டு முறை இமை கொட்டினால் பார்வை தெளிகிறதா என்று பாருங்கள். தெளிந்தால் பெரும்பாலும் கண்ணீர்ப் படலம்தான் காரணம்.

கேள்வி: அறுந்த நரம்பு திரும்ப வளருமா?

பதில்: வளரும், மெதுவாக. தொடு உணர்வு பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் திரும்புகிறது. பலருக்கு உறுத்தலும் அதே காலத்தில் அடங்குகிறது. நரம்பின் அடர்த்தி வேறு கதை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், கருவிழி நரம்புகளை நேரடியாகக் காட்டும் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், லேசிக் செய்த கண்களில் 5 ஆண்டு கழித்தும் அடர்த்தி பழைய அளவை எட்டவில்லை. ஃப்ளாப் வெட்டாமல் மேல்தோலை நீக்கி லேசர் செய்யும் பி.ஆர்.கே. முறையில், அந்தக் கண்களில் 2 ஆண்டில் எட்டிவிட்டது. பயப்பட வேண்டாம், குறைந்த நரம்போடு சிரமமில்லாமல் இருப்பவர்களே அதிகம். ஆனால் உணர்வு குறைந்த கண்ணில் மேற்பரப்பு புண்ணானாலும் வலி தெரியாமல் போகலாம். அதனால் தொல்லை இல்லாவிட்டாலும் சொன்ன நாளில் பரிசோதனைக்குப் போங்கள்.

கேள்வி: ஸ்மைல் என்ற இன்னொரு லேசர் முறையில் வறட்சியே வராதாமே?

பதில்: வராது என்று சொல்ல முடியாது. ஃப்ளாப் இல்லை, 2 முதல் 4 மி.மீ. கீறல்தான், ஆகவே நரம்பிழப்பு குறைவு. அவ்வளவுதான்.

கேள்வி: மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்தை ஒரு நாளில் பத்து தடவை விடுகிறேன். தப்பா?

பதில்: என்ன மருந்து என்பதைப் பொறுத்தது. புட்டியில் பென்சால்கோனியம் குளோரைடு (மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்பொருள்) என்று போட்டிருந்தால் நிறுத்திவிட்டு, பதப்பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீருக்கு மாறுங்கள். அடிக்கடி விட்டால் அந்தப் பதப்பொருளே கண்ணின் மேற்பரப்பையும் நரம்பையும் கெடுக்கும். சிவப்பு போக்கும் சொட்டு வேண்டாம். ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக வாங்கவே கூடாது; கண் அழுத்தம் ஏறும். இமை ஓரச் சுரப்பிகள் அடைத்திருந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம் உதவும். கண்ணின் அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு தந்திருந்தால் பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும், பாதியில் விடாதீர்கள்.

கேள்வி: ஒரு வருஷமாக எரிச்சல். பார்த்தவர்கள் எல்லாம் "கண் சுத்தமாக இருக்கிறது" என்கிறார்கள். வீட்டில் என்னை நம்பவில்லை.

பதில்: நான் நம்புகிறேன். அறுந்த நரம்பு சரியாக வளராமல், காரணமின்றி வலியை அனுப்புவதுண்டு. இது நரம்பு வலி, அரிதானது, ஆனால் உண்மையானது. கண்ணை மரத்துப்போகச் செய்யும் புரோபராகெய்ன் சொட்டை விட்டுப் பார்ப்பார்கள். வலி போய்விட்டால் மூலம் கண்ணின் மேற்பரப்பில். அப்படியே இருந்தால் அதற்கும் பின்னால், மூளைவரை போகும் பாதையில். முதல் வகைக்கு உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தெளிந்த நீரில் (சீரம்) செய்த சொட்டு பலருக்குக் கைகொடுக்கிறது. இரண்டாவதற்கு நரம்பு வலி மாத்திரைகள் வேண்டியிருக்கும். கருவிழி நிபுணரிடம் இந்தச் சோதனையைப் பெயர் சொல்லியே கேளுங்கள்: புரோபராகெய்ன் சோதனை.