ரேஸ் கம்பி ஒடிந்ததற்குக் கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: களக்காடு பக்கம் இரண்டு ஏக்கரில் வாழை வைத்திருக்கிறேன். களை எடுக்க 7 ஹெச்பி பெட்ரோல் பவர் வீடர் இருக்கிறது. கைப்பிடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரேஸ் கம்பி, இன்ஜின் பக்கத்து வளைவில் ஒடிந்துவிட்டது. குறடு வைத்து நானே வளைத்து மாட்டினேன். நாலே நாளில் மறுபடி ஒடிந்தது. கடையில் கேட்டால் கார்புரேட்டரோடு செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். இப்படி வளைப்பதற்கென்றே தனிக் குறடு இருக்கிறது என்று மகன் போனில் காட்டுகிறான், 1,450 ரூபாய். வாங்கலாமா?

பதில்: குறடும் வேண்டாம், கார்புரேட்டரும் வேண்டாம். செருப்பு வார் அறுந்ததற்குக் காலை மாற்றச் சொல்கிற கதையாக இருக்கிறது உங்கள் கடைக்காரர் சொல்வது.

மகன் காட்டும் குறடு நிஜமான சாமான்தான். இசட் பெண்ட் பிளையர் என்பார்கள். அதன் வாயில் ஒரு படி வெட்டியிருக்கும். கம்பியை உள்ளே வைத்து ஒரே அமுக்கு. இந்தப் பக்கம் ஒரு வளைவும் எதிர்ப்பக்கம் ஒரு வளைவும் ஒன்றாக விழும். நடுவில் வரும் அந்தச் சின்னப் படி, இன்ஜின் பக்கத்தில் கம்பி மாட்டும் லீவர் தகட்டின் ஓட்டைக்குள் குறுக்காக உட்காரும். வால் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். நட்டு, பின் எதுவும் இல்லாமலே கழலாது. தினம் பத்துக் கம்பி வளைக்கிற பட்டறைக்கு அது வேண்டும். வருடத்துக்கு ஒரு கம்பி ஒடிகிற உங்களுக்குத் தண்டச் செலவு. அதிலும் போனில் பார்த்து வாங்கினால், ஒயர் முனையை நசுக்கும் கிரிம்பிங் குறடு அதே பெயரில் வந்து சேரும். அப்படி வந்ததை இரண்டு பேர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் வளைத்தது ஏன் நாலு நாள்தான் தாங்கியது? கட்டிங் பிளையரால் வளைத்திருப்பீர்கள், அதன் பல் கம்பியில் பதிந்திருக்கும். இது கட்டுக்கம்பி இல்லை, ஸ்பிரிங் குணமுள்ள உருக்கு. கீறல் விழுந்த இடத்தை இன்ஜின் அதிர்வு நாள் முழுக்கத் தின்னும். அப்புறம், அளவு சரியாக வரவில்லை என்று நிமிர்த்தி மறுபடி வளைத்தீர்களா? அப்படியென்றால் மாட்டும்போதே அது பாதி ஒடிந்த கம்பி. ஒரு இடத்தில் ஒரு தடவைதான் வளைக்கலாம். தப்பினால் வெட்டிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் புது இடம் பார்க்க வேண்டும். லேசாகச் சூடு காட்டினால் சுலபமாக வளையும் என்று யாராவது சொல்வார். வளையும்தான். கம்பியின் ஸ்பிரிங் குணமும் போய்விடும்.

சரி, செய்யும் முறை. ஒடிந்த முனையில் ஒற்றைக் கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி இழை இழையாக இருந்தால் வளைக்கவே முடியாது, அதற்கு முனையில் மாட்டும் உலோகக் குமிழ், அதாவது நிப்பிள்தான். உங்களுடையது வளைவில் ஒடிந்திருப்பதால் ஒற்றைக் கம்பியாகத்தான் இருக்கும்.

ஒடிந்ததில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருக்கும். உறையை இன்ஜினோடு பிடித்திருக்கும் கிளாம்ப் ஸ்குரூவைத் தளர்த்தி, மேலுறையை அதே அளவுக்குக் குறைத்தால் கம்பி மறுபடி எட்டும். உள்கம்பியைக் கைப்பிடிப் பக்கம் நன்றாகப் பின்னால் இழுத்துக்கொண்டு உறையை வெட்டுங்கள். உறை என்பது சுருள் கம்பிதான், வெட்டிய வாயில் அந்தச் சுருளின் முனை உள்ளே மடங்கி நிற்கும். அதை அரத்தால் தேய்த்து, ஒரு ஆணியை விட்டு வாயை அகட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ரேஸ் இறுக்கமாக இருக்கிறது என்று எண்ணெயாக ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்.

வளைக்க நுனி மெல்லிய நோஸ் பிளையர் போதும். கூல்டிரிங்ஸ் கேனில் அலுமினியத் துண்டு ஒன்றை வெட்டி, பல் பதியாதபடி கம்பிமேல் சுற்றிக்கொள்ளுங்கள். நுனியால் பிடித்து, கம்பியைக் கட்டைவிரலால் ஒட்டி அழுத்திச் செங்கோணமாக மடக்குங்கள். அதிலிருந்து ஒரு பிளையர் நுனி அகலம் விட்டு, எதிர்த்திசையில் இன்னொரு மடக்கு. வால் ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும்.

முதலில் வளைவை லீவர் ஓட்டையில் திருகி நுழையுங்கள், உறையை அப்புறம் இறுக்கலாம். கைப்பிடியில் முயல் படமும் ஆமை படமும் இருக்குமே, அதில் முயல் பக்கம் தள்ளி வைத்து, இன்ஜின் லீவர் கடைசி வரை போய் முட்டுகிறதா என்று பார்த்து, அங்கே கிளாம்பை இறுக்குங்கள். ஆமைக்கு இறக்கும்போது முழுதும் திரும்பி வர வேண்டும். லீவர் ஓட்டை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் எந்தக் கம்பியும் நிலைக்காது, லீவரை மாற்றுங்கள்.

இவ்வளவும் கைப்பிடியிலிருந்து வரும் கம்பிக்கு மட்டும்தான். அதே இடத்தில், கார்புரேட்டருக்கும், இன்ஜின் வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னரின் கைக்கும் நடுவே, ஒரு சாண்கூட நீளமில்லாத கம்பி ஒன்று இருக்கும். கூடவே மெல்லிய ஸ்பிரிங் ஓடும். அதன் முனைகளிலும் இதே மாதிரி வளைவுதான், பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். அதை நீங்களும் செய்யக்கூடாது, நானும் செய்யமாட்டேன். இன்ஜினுக்குள்ளே சுழலும் எடைகள் வேகம் கூடினால் விரிந்து, இந்தக் கம்பி வழியாகத்தான் கார்புரேட்டரை மூடுகின்றன. இவ்வகை இன்ஜின்கள் பொதுவாக நிமிடத்துக்கு 3,600 சுற்றை ஒட்டிய உச்சத்துக்குச் செய்தவை. அந்தக் கட்டுப்பாடு இந்தக் கம்பியின் நீளத்தையும் பொறுத்தது. நீளம் மாறினால் கவர்னர் கணக்கும் மாறும். அது ஒடிந்தால் அதே மாடலுக்கு உரியதை வாங்கி மாட்டுங்கள்.

இதைவிட மோசம், கவர்னரைத் தாண்டி ரேஸ் கம்பியை நேரே கார்புரேட்டரில் மாட்டித் தருவது. "பவர் கூடும் அண்ணாச்சி" என்பார்கள். மண்ணில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வரப்பில் மிஷினைத் தூக்கி வைத்ததும் பாரம் போய், இன்ஜின் அலறிக்கொண்டு ஏறும். நாங்குநேரியிலிருந்து அப்படி ஒன்று வந்தது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒடிந்து, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. "ரேஸ் கம்பிதான் மாத்துனோம், வேற ஒண்ணுமே தொடலியே" என்றார் கொண்டுவந்தவர். தொட்டதே அதைத்தான்.

கார்புரேட்டர் செட் விற்கிறவருக்கு வெறும் கம்பியில் என்ன கிடைக்கும்? நடுவில் ஒரு தரகர், அவருக்கும் பங்கு. மிஷின் வாங்க அரசு மானியத்துக்கு எழுதிப் போடும்போது சிட்டா, அடங்கல், ஆதார் என்று கட்டுக்கட்டாகக் கேட்கிறார்கள். இந்த மிஷினுக்கு ரேஸ் கம்பி எங்கே கிடைக்கும் என்று எழுதிய ஒரு தாளை நான் இன்னும் பார்க்கவில்லை. மிஷின் கொடுத்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது. பெயர்ப்பலகை மட்டும் மாறும் இறக்குமதி மிஷின்களுக்கு அடுத்த வருடம் கம்பெனியே இருக்கிறதோ இல்லையோ.

கம்பி உறையோடு துருப்பிடித்து நகரவில்லை என்றால் புதிதுதான் வாங்க வேண்டும். அதற்காக மிஷினை லோடு ஆட்டோவில் ஏற்றாதீர்கள், மிஷினைக் கண்டால் பில் நீளும். பழைய கம்பியை உறையோடு கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்கு வாருங்கள். கடையில் புதியதைப் பழையதன் பக்கத்தில் நீட்டி வைத்து உறையின் நீளம், வெளியே நீளும் கம்பியின் நீளம், கம்பியின் தடிமன் மூன்றையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.