பத்து வயது மகனுக்குக் கைபேசியையும் இணையத்தையும் பாதுகாப்பாகப் பயன்படுத்த எப்படிக் கற்றுக்கொடுப்பது?

நான் இத்துறையில் நிபுணர் இல்லை; இரண்டு பிள்ளைகளின் தாய். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆன்லைன் வகுப்புக்கென்று நாங்களேதான் மகன் கையில் கைபேசியைக் கொடுத்தோம். அதனுடன் நாங்கள் கற்றுக்கொடுத்த ஒரே பாடம், "ஏதாவது தப்பு செய்தால் போனைப் பிடுங்கிவிடுவேன்" என்பதுதான். அந்த மிரட்டல் எங்களுக்கே வினையாக முடிந்தது.

2022-இல் அவனுக்குப் பதினொரு வயது. விளையாட்டுச் செயலி ஒன்றில் அறிமுகமான யாரோ ஒருவர், விளையாட்டில் செலவழிக்கும் வைரங்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லி, ஒரு க்யூஆர் கோடை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொல்லியிருக்கிறார். மளிகைக் கடையில் என் கணவர் கைபேசியில் பணம் செலுத்தும்போது அவர் தோளுக்கு அருகே நின்று பார்த்துப் பார்த்தே மகன் அந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்திருந்தது அவருக்குத் தெரியாது. 2,400 ரூபாய் போனதும், பணம் கழிக்கப்பட்டதாக வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அவன் அழித்துவிட்டான். மூன்றாம் நாள் பெட்ரோல் பங்கில் வண்டிக்கு எண்ணெய் நிரப்பிய பிறகு, கணக்கில் போதிய இருப்பு இல்லை என்று திரையில் வந்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

1930 என்ற எண்ணில் புகார் கொடுத்தோம். மோசடிக்காரர் பணத்தை எடுப்பதற்கு முன்பே வங்கிகளுக்குத் தகவல் அனுப்பி, அதை நிறுத்தி வைப்பதற்காக ஏற்பட்ட எண் அது. ஆகவே அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நாங்கள் இழந்ததோ மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவன் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம், திருடனைவிட எங்களிடம் அவனுக்கு இருந்த பயம்தான்.

ஆகவே என் பதில் இதுதான்: கைபேசியில் எந்தப் பூட்டைப் போடுவதற்கும் முன்னால், "என்ன நடந்தாலும் வந்து சொல், சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள், கொடுத்த பின் அதைக் காப்பாற்றுங்கள். காப்பாற்றுவதுதான் கடினம். என் மகன் அடுத்த முறை வந்து சொன்னபோது, கையை நீட்டிப் போனை வாங்கிவிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பணத்தை விடக் கொடிய விஷயத்திலும் இதே கணக்குதான். முகம் தெரியாத ஒருவர் நட்பாகப் பேசி, படம் கேட்டு வாங்கி, பிறகு "உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டும்போது, அவருடைய ஆயுதமே அப்பாவைப் பற்றிய பயம்தான். அப்படி நேர்ந்தால் உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே அந்த நபரைத் தடை செய்ய வேண்டும். ஆதாரம் என்று எண்ணிப் பிள்ளையின் படத்தை உறவினர் எவருக்கும் அனுப்பிவிடக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெற்றோர் மட்டுமன்றிப் பிள்ளையே நேரடியாக அழைக்கலாம் என்பதால், அதை அவனுக்கும் மனப்பாடமாக்கிவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இலேயே போக்சோ சட்டம் வந்துவிட்டது. குற்றவாளி மிரட்டியவர்தான், நீ அல்ல என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

பூட்டுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கண்காணிப்புச் செயலி எங்களுக்கு உதவியது: புதிய செயலியை இறக்க என் அனுமதி தேவை, இரவு ஒன்பதுக்கு மேல் திரை பூட்டிக்கொள்ளும். ஆனால் விதி அவனுக்கு மட்டும் என்றால் எடுபடவில்லை. எங்கள் மூவரின் கைபேசிகளும் கூடத்து அலமாரியில் சார்ஜ் ஏறத் தொடங்கிய பிறகே முணுமுணுப்பு அடங்கியது. இன்ஸ்டாகிராம் நிறுவனமே 13 வயதுக்குக் கீழ் கணக்கு கூடாது என்கிறது. வயதைக் கூட்டிப் போட்டுத் தாமே கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது, இணையத்தில் பொய் சொல்ல முதல் பாடம் யார் எடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அறிவுரையாகச் சொல்வதைவிட, கூட உட்கார்ந்து காட்டுவதே பிள்ளை மனத்தில் நிற்கிறது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது என்பதை, அவனுடைய மாமாவை ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லித்தான் புரிய வைத்தேன். எதையும் அழுத்தாமலே ரூபாய் வந்து சேர்ந்ததை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிச் சீருடையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சட்டைப்பையில் உள்ள பள்ளிச் சின்னத்தையும் பின்னால் தெரியும் எங்கள் தெருப் பெயர்ப் பலகையையும் அவனையே படிக்கச் சொன்னேன். படித்து முடித்ததும், "அம்மா, நீங்களும் இதைத்தானே குடும்பக் குரூப்பில் போட்டீர்கள்?" என்று கேட்டான். அன்றே அதை நீக்கினேன். இப்போது பிள்ளைகளின் படத்தைப் போடுவதற்கு முன் அவர்களைக் கேட்டுவிடுகிறேன். சில நேரம் "வேண்டாம்" என்கிறார்கள்.

நண்பன் வீட்டுக் கைபேசியில் எந்தப் பூட்டும் இருக்காது. அதற்கு அந்தப் பையனின் தாயிடம் போய்ப் பேசுவதைத் தவிர வேறு வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. முதல் முறை அவருக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. இரண்டு வாரம் கழித்து, ஃபேமிலி லிங்க் எப்படிப் போடுவது என்று கேட்டு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.