அடைமழைக்கு முன்னால் அடுக்களை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி நெருங்கும்போது டெல்டா வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதி, "எதை வாங்கி வைக்கலாம்?" என்பதுதான். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் நெல் மூட்டையும் அரிசியும் எப்போதும் இருக்கும். புயலுக்கென்று தனியாக இருப்பு எதற்கு? (மன்னார்குடி)

அரிசி இருக்கிறது, சரி. அதைச் சோறாக்கத் தண்ணீரும் தீயும் வேண்டும். நெல்லாக இருந்தால் மில்லும் ஓட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்த பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டர் பிடித்துத்தான் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். ஆகவே முதலில் தண்ணீர், அடுத்து எரிபொருள், அப்புறம்தான் பலசரக்கு.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், ஐந்து நாள் என்றால் 80 லிட்டர். அதாவது நாலு 20 லிட்டர் கேன். பாத்திரம் கழுவ வேறு தண்ணீர் வேண்டும். வாழை மரம் சாய்ந்து கிடக்கும் ஊரில் இலைக்குப் பஞ்சம் இருக்காது, இலையிலேயே சாப்பிடுங்கள்.

முதல் மூன்று நாளுக்கு அடுப்பே பற்றவைக்காமல் சாப்பிடத் தோதானவற்றை வையுங்கள். என் முதல் தேர்வு அவல். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்த பண்டம் என்பதால் நனைத்தாலே போதும். மெல்லிசு அவல் சில நிமிடத்தில் ஊறிவிடும். கெட்டி அவலுக்கு அரை மணி நேரமாவது ஆகும். நாலு பேருக்கு, தினம் இரண்டு வேளை, தலைக்கு 100 கிராம் என்று மூன்று நாளைக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை கிலோ வரும். கூடவே பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், ஊறுகாய், வீட்டில் கிளறிய புளிக்காய்ச்சல். மாப்பிள்ளைச் சம்பா அவல் நல்லதுதான், ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதைக் குறைவாக வாங்கி முதலில் தீர்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் தொடாத பிஸ்கட்டை ஆஃபரில் கிடைக்கிறதே என்று பெட்டி பெட்டியாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சாதாரண நாளில் உங்கள் வீட்டில் செலவாகாத பண்டம் புயல் நாளிலும் செலவாகாது.

கூடுதலாக ஒரு கேஸ் சிலிண்டர் வைத்திருக்கிறோம். அது போதாதா? வெள்ளம் வந்தால் என்ன செய்வது? (திருத்துறைப்பூண்டி)

போதும், பத்திரமாக வைத்தால். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: 14.2 கிலோ சிலிண்டர் நிறைந்திருந்தாலும் வெள்ளத்தில் மிதக்கும். உள்ளே இருக்கும் திரவ கேஸ் தண்ணீரைவிட ஏறக்குறைய பாதி கனம்தான். இரும்போடு சேர்த்து மொத்தம் 30 கிலோ சொச்சம். அது தள்ளும் தண்ணீர் அதைவிடக் கூடுதல். டியூபோடு மிதந்து சாய்ந்தால் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். ஆகவே தண்ணீர் வாசலுக்கு வரும்போதே ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, நூலில் தொங்கும் மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள்.

கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். வாடை அடித்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். தீக்குச்சியோ சுவிட்சோ வேண்டாம். கரண்ட் இல்லாத நேரம்தானே என்று சுவிட்சைப் போட்டு வைக்காதீர்கள், திடீரென்று வரும். அவசர உதவிக்கு எண் 1906. நனைந்த ரெகுலேட்டரை ஏஜென்சி ஆள் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

ஒற்றை இணைப்பு உள்ளவர்கள் 5 கிலோ சிலிண்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அளவாகச் சமைத்தால் சிறு குடும்பத்துக்கு இரண்டு வாரம் ஓடும். உங்கள் ரெகுலேட்டர் பொருந்துகிறதா என்று வாங்கும் இடத்திலேயே மாட்டிப் பாருங்கள். தெருவில் கையால் கேஸ் நிரப்பித் தரும் குட்டி சிலிண்டர் பக்கமே போகாதீர்கள்.

இன்வெர்ட்டரில் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுமா? (கும்பகோணம்)

ஓடாது. அடுப்பு 1,200 முதல் 2,000 வாட் வரை கேட்கும். லைட், ஃபேனுக்கான வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. பெரிய இன்வெர்ட்டராகவே இருந்தாலும் 150 ஏஎச் பேட்டரி ஒரு மணி நேரச் சமையலில் படுத்துவிடும். அதை லைட்டுக்கும் போனுக்கும் விடுங்கள்.

விறகடுப்பைத் திரும்ப எடுக்கலாமா? (பட்டுக்கோட்டை)

தாராளமாக. தூக்கி வைக்கக்கூடிய இரும்பு அடுப்பாக இருக்கட்டும். தரையோடு போட்ட அடுப்பு முதல் மழையிலேயே முழுகும். புயலுக்குப் பிறகு தென்னை மட்டை எங்கும் கிடக்கும், ஆனால் ஈரம். காய்ந்த கொட்டாங்கச்சியையும் பாளையையும் புரட்டாசியிலேயே சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். கரி அடுப்பை மட்டும் கதவடைத்த அறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

எரிபொருளை மிச்சம் பிடிக்க நம் ஊரில் வைக்கோல் இருக்கிறதே. ஒரு கூடையில் அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்கு வைக்கோலை அமுக்குங்கள். ஊறவைத்த துவரம்பருப்பைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் பாத்திரத்தை உள்ளே இறக்கி, மேலேயும் வைக்கோலும் போர்வையும் போட்டு மூடிவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் வெந்திருக்கும். சோற்றுக்கு ஐந்து நிமிடக் கொதியும் ஒரு மணி நேரமும் போதும். பாத்திரம் நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும். திறக்கும்போது வெதுவெதுப்பாக இருந்தால் மறுபடி கொதிக்கவைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். கொண்டைக்கடலை இதற்கு ஒத்துவராது.

கருவாடு சேர்த்து வைக்கலாமா? (நாகப்பட்டினம்)

வைக்கலாம், கொஞ்சமாக. உப்புப் பண்டம் தாகத்தைக் கிளப்பும். குடிதண்ணீர் அளந்து குடிக்கும் வாரத்தில் அது வீண் வம்பு.

மாமியாருக்குச் சர்க்கரை. அவலும் வெல்லமும் கொடுப்பது எப்படி? (பாபநாசம்)

வெல்லத்தை விடுங்கள், கருப்பட்டியும் சர்க்கரைதான். அவலைக் குறைத்துப் பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை கூட்டிக் கொடுங்கள். அதைவிட ஆபத்து, மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவறவிடுவது. வியர்த்து, கை நடுங்கினால் உடனே கொடுக்க அவர் தலைமாட்டில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். மருந்து அளவை டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு நனைந்த மளிகையைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா? (சீர்காழி)

மனசு வராதுதான். ஆனாலும் வெள்ளத் தண்ணீர் பட்ட அரிசி, பருப்பு, மாவு எதுவும் வேண்டாம். சாக்கடையும் பூச்சிமருந்தும் கலந்த தண்ணீர் அது. திருகு மூடி டப்பாவுக்குள்ளும் தண்ணீர் புகும். உப்பாத, நசுங்காத, தொழிற்சாலையில் அடைத்த தகர டின்னை மட்டும் சோப்பு போட்டுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்தெடுத்துப் பயன்படுத்தலாம். பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டெடுங்கள். வெடிப்பு விட்ட மரக் கரண்டியையும் பலகையையும் அடுப்புக்கு விறகாக்கிவிடுங்கள்.