அடித்துச் சாத்தும் கதவுகள்: தென்லண்டன் பழைய ரயில்கள் – கேள்வி பதில்

1987 முதல் 2004 வரை ஈஸ்ட் குரோய்டனிலிருந்து விக்டோரியாவுக்கு வேலைக்குப் போய்வந்தவன் நான். கையால் அடித்துச் சாத்தும் கதவுள்ள அந்தக் கோச்சிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

உள்ளே கைபிடி இல்லையாமே, எப்படி இறங்கினீர்கள் அண்ணா?

பல பெட்டிகளில் இல்லைதான். யன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பிடியைத் திருப்ப வேண்டும். மார்கழிக் குளிரில் விரல் விறைத்துவிடும். பூட்டுக்கு இரண்டு கட்டம். மெதுவாகச் சாத்தினால் முதல் கட்டத்தோடு நின்றுவிடும், ஆனால் பார்வைக்கு மூடியதுபோலவே இருக்கும். வெளிப்பிடி படுக்கையாக நின்றால்தான் கதவு முழுதாக மூடியதென்று அர்த்தம். ஆகவே அடித்துச் சாத்த வேண்டும், கதவில் சாயவே கூடாது.

ஏன் அத்தனை கதவுகள்?

1967 முதல் கட்டிய, நான்கு பெட்டி கொண்ட 4-வெப் ரயிலில் ஒரு பக்கம் மூவர், மறுபக்கம் இருவர் இருக்கை. எதிரெதிராகப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கதவு. விக்டோரியாவில் ரயில் நிற்க முன்னமே கதவுகள் வரிசையாகத் திறக்கும், ஆட்கள் ஓடிக்கொண்டே குதிப்பார்கள். ஒருநாள் எங்கள் பெட்டிக் கதவு மேடையில் நின்றவரின் தோளில் இடித்து, அவர் கையிலிருந்த பேப்பர் தண்டவாளத்தில் சிதறியது. அதன்பின் நிற்கும்வரை நான் பிடியைத் தொட்டதில்லை. நீங்களும் பழைய ரயில் விழாக்களுக்குப் போனால் தொடாதீர்கள்.

கைபிடி இல்லாமல் எப்படித் திறப்பது?

முதல் பதிலைப் பாருங்கள்.

இப்போதைய கதவுகளைவிட வேகம்தானே? ஏன் எடுத்தார்கள்?

இறங்குவதற்கு வேகம், சரி. புறப்படுவதற்கு? ஒரு கதவு திறந்திருந்தாலும் ஊழியர் ஓடிவந்து சாத்த வேண்டும். பெரிய காரணம் வேறு. இந்த ரயில்களின் பெட்டி வகைக்கு மார்க் 1 என்று பெயர். அவற்றில் உடல் தனி, அடிச்சட்டம் தனி. மோதினால் ஒன்றின் சட்டம் மற்றதன் மேலேறி உடலைக் கிழித்துவிடும். 1988 டிசம்பர் 12 தென்லண்டன் கிளாபம் ரயில் விபத்தில் 35 பேர் இறந்தார்கள்.

கிளாபமுக்குக் காரணம் சிக்னல் வயர் அண்ணா. ரயிலை ஏன் பழி சொல்கிறீர்கள்?

மோதலுக்குக் காரணம் வயர்தான். கழற்றிய பழைய வயரை வெட்டாமல் விட்டதால், சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் காட்டவில்லை. அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மோதிய பிறகு உள்ளிருப்பவரைக் காப்பது பெட்டியின் வேலை. 1999இல் இவற்றை விலக்கச் சொல்லி விதி வந்ததும் அதற்காகத்தான். எனக்கு இந்த ரயில் உயிர். அதற்காக அது பாதுகாப்பானது என்று எழுத மாட்டேன்.

ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் மூன்றாம் தண்டவாளத்தில் எவ்வளவு மின்சாரம்?

750 வோல்ட், நேர் மின்னோட்டம் (டிசி). தண்டவாளத்தில் இறங்காதீர்கள்.

உள்ளே கைபிடி...

இது மூன்றாவது தரம். மேலே இருக்கிறது, தம்பி.

கடைசியாக எங்கே ஓடின?

பெரிய பாதைகளில் 2005 நவம்பரோடு முடிந்தது. தென் இங்கிலாந்தின் புரோக்கன்ஹர்ஸ்ட்–லிமிங்டன் கிளைப்பாதையில் மட்டும் மூன்று பெட்டி ரயில் இரண்டு 2010 மே 22 வரை ஓடின. கடைசி மாதம் போய் ஏறினேன். அவற்றுக்கு எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டும் மையப் பூட்டும் போட்டிருந்தார்கள். ஆனாலும் அடித்துச் சாத்தி, உள்ளங்கையால் ஒருதரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.