ரிப்போர்ட் சரி, பயம் மட்டும் போகவில்லை

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு தடவை தப்பு நடந்துவிட்டது டாக்டர். எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் மூன்று கிளினிக்கில் ரத்தம் கொடுத்தேன், கடைசியாகப் போன வாரம். எதிலும் ஒன்றுமில்லை. ஆனால் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. இன்னொரு தடவை பார்க்கட்டுமா? (துவாஸ், வயது 29)

வேண்டாம் தம்பி. கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் இன்றைய எச்ஐவி பரிசோதனைக்கு 45 நாள் போதும். சிபிலிஸுக்கு 90 நாள். இரண்டையும் தாண்டிவிட்டீர்கள்.

நெறியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொட்டுப் பார்க்கிறீர்கள்? உங்களைப் போல வந்த ஒருவர், என்னோடு பேசிய பத்து நிமிடத்தில் தாடைக்குக் கீழே ஏழு தடவை விரலை வைத்து அழுத்தினார். அந்த இடம் சிவந்தே போயிருந்தது. அழுத்தினால் வலிக்கும், வலித்தால் மறுபடி அழுத்தத் தோன்றும். ஒரே ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்த அன்று நன்றாகத் தூங்கியிருப்பீர்கள். மூன்றாம் நாள் ‘என் ரத்தத்தை வேறொருவர் ரத்தத்தோடு மாற்றி வைத்திருப்பார்களோ’ என்று வந்திருக்கும். அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுவதே அடுத்த பரிசோதனைதான். இப்போது சிகிச்சை வேண்டியது பயத்துக்கு. பேச்சு சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. பாலிகிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 1771 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம்.

கேள்வி: எனக்கும் அப்படி ஒரு தப்பு நடந்து மூன்று வாரம் ஆகிறது. டார்மிட்டரியில் இருக்கிறேன். டெஸ்டுக்குப் போனால் பேர் கேட்பார்களே?

எச்ஐவிக்குப் பேரும் பெர்மிட்டும் கேட்காமல் பார்க்கும் இடங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன. ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பிடம் விசாரியுங்கள். இப்போது ஒன்று, சம்பவம் நடந்து 45 நாள் ஆனதும் ஒன்று, அவ்வளவுதான். விரலில் குத்திப் பார்க்கும் வகை என்றால் 90 நாள் வரை பொறுங்கள். மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் எச்ஐவி தொற்றாமல் தடுக்க மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

கேள்வி: என் கணவர் நடந்ததை என்னிடம் சொல்லிவிட்டார். ஆறு மாதம் ஆகிறது, எல்லா ரிப்போர்ட்டும் சரி. ஆனாலும் தனித் தட்டு, தனித் துண்டு. குழந்தையைத் தூக்க மாட்டேன் என்கிறார். தினமும் ‘ஒன்றுமில்லைங்க’ என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. (ஈசூன்)

உங்கள் மனமும் காயப்பட்டுத்தான் இருக்கும் அம்மா. அதை விழுங்கிக்கொண்டு அவருக்கு ஆறுதல் சொல்வது எவ்வளவு பெரிய பாரம்!

எச்ஐவி இருப்பவரின் தட்டிலிருந்தோ துண்டிலிருந்தோகூட அது பரவாது. இது அவருக்கும் தெரியும். குற்ற உணர்வுதான் கிருமி வேஷம் போட்டுக்கொண்டு அவரை உலுக்குகிறது. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு ‘ஒன்றுமில்லை’யும் ஒரு மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் திரும்பக் கேட்பார். இனி கேட்டால், ‘இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன்’ என்று அன்பாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். இருவருமாக ஒரு மனநல ஆலோசகரிடம் போங்கள்.

அதுவரை ஒரு சின்ன வேலை. சாயங்காலம் குழந்தையை அவர் மடியில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். தூக்குவதற்கு முன்போ பின்போ அவர் கை கழுவக் கூடாது. அடுத்த வாரம் பத்து நிமிடம்.