வேலைக்கு ஓடிய பழைய டிரக்கில் கேம்பர் ஏற்றலாமா? கேள்வி பதில்

கொலராடோவில் நான் வைத்திருப்பது 2001 ஃபோர்டு எஃப்-350. பின் அச்சில் நாலு டயர் உள்ள டூயலி, 7.3 லிட்டர் டீசல். ஒரு ஊரின் குடிநீர்த் துறையில் உழைத்துவிட்டு ஏலத்துக்கு வந்த வண்டி. முதுகிலிருந்த இரும்புக் கருவிப் பெட்டிகளைக் கழற்றி, அலுமினிய பிளாட்பெட் (பக்கச் சுவர் இல்லாத தட்டைத் தளம்) போட்டு, அதன்மேல் கேம்பரை வைத்து ஆறு வருடமாக நானும் மனைவியும் சுற்றுகிறோம். கேம்பர் என்றால் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் அல்ல, டிரக்கின் முதுகில் உட்காரும் சின்ன வீடு. நாலு மூலையிலும் ஜாக்கிக் கால் இருக்கும். காலை ஊன்றி உயர்த்திவிட்டால் அடியிலிருந்து டிரக்கை ஓட்டி வெளியே எடுத்துவிடலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நண்பர்கள் கேட்டவற்றில், பலருக்கும் உதவக்கூடிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, கம்பெனி வேலைக்கு ஓட்டிய எஃப்-150 வீட்டில் சும்மா நிற்கிறது. பாப்-அப் கேம்பர் (கூரையை மேலே தூக்கிவிடும் வகை) ஒன்று பார்த்தேன், எடை 1,500 பவுண்டு என்று போட்டிருக்கிறான். கதவு ஸ்டிக்கர் படமும் அனுப்பியிருக்கிறேன். தாங்குமா? (டல்லாஸ்)

தாங்காது தம்பி. உங்கள் ஸ்டிக்கரில் ஆட்களும் சரக்கும் சேர்ந்து 1,580 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. ஓட்டுகிற நீங்களும் அந்தக் கணக்கில் வருவீர்கள். விளம்பரத்தில் சொல்லும் 1,500 பவுண்டு வெறும் கூட்டின் எடை. ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 20 காலன் நிரப்பினால் 167. நிரம்பிய சின்ன புரொப்பேன் சிலிண்டர் ஏறக்குறைய 37. பேட்டரி 60. பாத்திரம், போர்வை, துணி, அரிசி பருப்பு என்று குறைந்தது 250. நீங்களும் மனைவியும் சேர்ந்து 320 என்று வையுங்கள். கூட்டிப் பாருங்கள், 2,334 வரும். வரம்பைவிட 750 பவுண்டு அதிகம்.

என் கேம்பரின் விளம்பர எடை 2,480 பவுண்டு. சாமான் எல்லாம் ஏற்றி நிறுத்தியபோது 3,410. அதனால் யார் கேட்டாலும் விளம்பர எடையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு டிரக் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் கேம்பரை முடிவு செய்யுங்கள், அதற்கு ஏற்ற டிரக்கை அப்புறம் பாருங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் எனக்கு எழுதுகிறார்கள்.

எடையை எங்கே போய்ப் பார்ப்பது? (நியூ ஜெர்சி)

நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். முன் சக்கரம் ஒரு தட்டிலும் பின் சக்கரம் அடுத்த தட்டிலும் நிற்கும்படி ஏறினால் இரண்டு அச்சுக்கும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள். இரண்டு பேர் வெளியில் சாப்பிடும் செலவுகூட ஆகாது. டிரக்கை வாங்குவதற்கு முன் ஒரு முறை, கேம்பர் ஏற்றி முழுச் சாமானோடு ஒரு முறை, இரண்டும் கட்டாயம்.

என் சீட்டுகளைச் சொல்கிறேன். என் டிரக்கும் அதில் ஏற்றியதும் சேர்ந்த மொத்த எடைக்கு வரம்பு 11,200 பவுண்டு. கருவிப் பெட்டியோடு, டீசல் நிரப்பி, நான் உட்கார்ந்து 7,420. பெட்டியைக் கழற்றி பிளாட்பெட் போட்டபின் 6,380. கேம்பர், மனைவி, பக்கப் பெட்டிகளில் உள்ள சாமான் எல்லாம் சேர்ந்து 10,200. அதில் முன் அச்சில் 3,980, பின் அச்சில் 6,220. இந்தச் சீட்டு இன்னும் கண்ணாடிக்கு மேலே சொருகியிருக்கிறது.

நான் பார்த்திருக்கும் டிரக்கில் பிளம்பர்கள் வைத்துக்கொள்ளும் சர்வீஸ் பாடி இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று கதவு, நிறைய இடம். அதைக் கழற்றாமல் நடுவில் கேம்பரை இறக்கிவிட முடியாதா? கழற்ற மனசே வரவில்லை. (சாக்ரமெண்டோ)

எனக்கும் மனசு வரவில்லை. ஸ்பேனருக்கு ஒரு அறை, தண்ணீர்க் குழாய்க்கு ஒரு அறை என்று அழகாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் அளந்து பார்த்துத்தான் கழற்றினேன். நீங்களும் அளந்து பாருங்கள், சில பாடிகளில் நடக்கும்.

முதலில் அகலம். பெட்டிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி பாடிக்குப் பாடி மாறும். கேம்பரின் அடிப்பாகம் உள்ளே போய், இரண்டு பக்கமும் ஒரு அங்குலமாவது மிச்சம் வேண்டும். அடுத்தது உயரம். கேம்பரின் அடிப்பாகத்துக்கு மேலே இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்திருக்கும், சாதாரண பிக்கப் தொட்டியின் விளிம்புக்கு மேலே நிற்கும்படி அளவெடுத்துச் செய்தது அது. என் பாடியில் உள்தளத்திலிருந்து பெட்டியின் மேல்விளிம்பு 25 அங்குலம், கேம்பரின் இறக்கை 22 அங்குலத்தில். அதாவது கேம்பர் தளத்தில் உட்காராது, இறக்கையின் பலத்தில் பெட்டிகள்மேல் தொங்கும். அந்த இறக்கை எடை தாங்கச் செய்ததில்லை. ஒரே பயணத்தில் பிளந்துவிடும். அடியில் நாலு அங்குல மேடை கட்டினால் சரியாகும், ஆனால் முழு வீடும் நாலு அங்குலம் மேலே போய்விடும். வளைவில் ஆட்டம் கூடும்.

மூன்றாவதுதான் என்னை முடிவெடுக்க வைத்தது: எடை. பாடி, உள்ளே போல்ட் போட்டிருந்த தட்டுகள், பிடிப்பு வைஸ், ஏணிச் சட்டம் எல்லாம் சேர்ந்து 1,640 பவுண்டு இருந்தது. பிளாட்பெட் 600. ஆயிரம் பவுண்டுக்கு மேல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அது ஒரு பயணத்துக்கான தண்ணீர், சாப்பாடு, இன்னும் இரண்டு ஆள்.

பிளாட்பெட்டிலும் குறை உண்டு. தளம் டயருக்கு மேலே போவதால் கேம்பர் கொஞ்சம் உயரும். அதனால் தளத்தை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள். இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும் இடத்தில் அலுமினியப் பெட்டி செய்து வைத்தேன். கழற்றிய பாடியின் வசதி பாதி அங்கேயே திரும்ப வந்துவிட்டது. பழைய பாடியைத் தூக்கிப் போடாதீர்கள், பிளம்பர் யாராவது நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒன்று, அளவுக்கு முன்பே பார்க்க வேண்டியது. கேம்பரின் பக்கவாட்டில் ஈர்ப்பு மையம் எங்கே என்று ஒரு குறி இருக்கும், அல்லது அதன் தாள்களில் அளவு இருக்கும். இந்த விவரத்தைத் தயாரிப்பாளர் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. அந்தக் குறி பின் அச்சின் நடுக்கோட்டுக்கு நேராகவோ கொஞ்சம் முன்னாலோ வர வேண்டும். பின்னால் போனால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் கைக்கு வராது.

பிளாட்பெட்டைச் சேசிஸோடு எப்படிப் பொருத்துவது? பட்டறைக்காரர் வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார். (பீனிக்ஸ்)

வேண்டாம். வேறு பட்டறை பாருங்கள். சேசிஸ் சட்டம் ஆங்கில எழுத்து சி மாதிரி இருக்கும். அதன் மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் துளையும் போடக் கூடாது, வெல்டிங்கும் கூடாது. பாரத்தின் இழுப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நிற்கும் பக்கத்தில் கம்பெனி விட்டிருக்கும் துளைகளிலேயே பிடிப்பைப் போல்ட் போடுங்கள். பாடி கட்டுபவர்களுக்கென்று ஃபோர்டே அளவுப் புத்தகம் வெளியிடுகிறது, அதைப் பட்டறைக்காரர் கையில் கொடுங்கள்.

மண் பாதையில் போகும் எண்ணம் இருந்தால் முன்பக்கப் பிடிப்புகளில் ஸ்பிரிங் வைத்த போல்ட் போடச் சொல்லுங்கள். குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது சேசிஸ் முறுக்கும். அதை முறுக்க விட்டால்தான் பிளாட்பெட்டும் கேம்பரும் பிழைக்கும்.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை, அதாவது ஏர் பேக், போட்டால் கூடுதல் எடை ஏற்றலாம் என்று யூடியூபில் சொல்கிறார்களே? (அட்லாண்டா)

பின்பக்கம் தொய்வது நிற்கும், ஆட்டம் குறையும், விளக்கு வானத்தைப் பார்க்காது. எல்லாம் நல்லதுதான், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அச்சு, பிரேக், டயர், சேசிஸ் நாலும் பழையபடியேதான் இருக்கின்றன. கதவில் எழுதிய எண் ஒரு பவுண்டுகூட ஏறாது.

டயர் நல்ல பட்டன் இருக்கிறது, மாற்ற வேண்டுமா? (சான் அன்டோனியோ)

பட்டனைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண், எத்தனையாவது வாரம், எந்த வருடம் என்று சொல்லும். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம். ஏலத்து வண்டிகள் யார்டில் வெயிலில் பல மாதம் நின்றிருக்கும். பழையது என்றால் ஆறையும் மாற்றுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

என் டயரின் அளவு எல்டி235/85ஆர்16, பாரம் தாங்கும் வகுப்பு லோடு ஈ. தனியாக ஓடினால் 80 பிஎஸ்ஐ காற்றில் ஒன்று 3,042 பவுண்டு தாங்கும். டூயலியில் ஜோடியாக ஓடும்போது 2,778 தான். ஜோடியில் குறைகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்புறம், சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். 80 பிடிக்கப்போகிறீர்கள் என்றால் உலோக வால்வு போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

துருப் பிடித்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. (பஃபலோ)

உங்கள் ஊரில் சாலையில் உப்பு போடுகிறார்கள், அதனால் அடியில் படுத்துப் பாருங்கள். சின்னச் சுத்தியல் எடுத்துச் சேசிஸைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும், செதிலாக உதிரும். பின் பட்டை ஸ்பிரிங் சேசிஸில் தொங்கும் இடத்தை விடாமல் பாருங்கள், கேம்பரின் எடை இறங்குவதே அங்கேதான். பிரேக் குழாய்களையும் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், ஏன் அடித்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அரிசோனா, நியூ மெக்ஸிகோ பக்கம் ஓடிய வண்டியை வாங்கி ஓட்டி வாருங்கள், அந்த விமானச் செலவு வீண் போகாது.

கேம்பரை எதில் கட்டுவது? (சியாட்டில்)

சேசிஸில். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் ஒரு பட்டறையில் கட்டும் வளையங்களைப் பிளாட்பெட்டின் ஓரத் தகட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்கக் கெட்டியாக இருந்தது, நானும் சரி என்று வந்துவிட்டேன். ஒரு மலைப் பாதையில் மான் குறுக்கே வர, பிரேக் அடித்தேன். முன் வலது வளையம் தகட்டோடு பெயர்ந்து வந்தது. கேம்பர் மூன்று அங்குலம் முன்னால் நகர்ந்து கேபினில் இடித்து நின்றது. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தார். வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் பேசாமல் இருந்தோம்.

இப்போது நாலு வளையமும் சேசிஸில் பிடித்த உலோகக் கையிலிருந்து வருகின்றன, கேம்பருக்கும் அதற்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள், அதாவது திருகி இறுக்கும் கொக்கி. கேம்பருக்கு அடியில் குதிரை லாயத்தில் போடும் முக்கால் அங்குல ரப்பர் பாய் விரித்திருக்கிறேன். பண்ணைக் கடைகளில் கிடைக்கும். நாலுக்கு ஆறடி பாய் ஒன்று கிட்டத்தட்ட 100 பவுண்டு, அதையும் எடைக் கணக்கில் சேருங்கள். அலுமினியத் தளத்தில் பாய் இல்லாமல் கேம்பரை வைக்கவே வைக்காதீர்கள், வழுக்கும்.

ஓடும்போது கேம்பர் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. டிரக்கிலிருந்து கேம்பருக்கு மின்சாரம் தரும் ஏழு பின் பிளக் சரியாகத்தான் இருக்கிறது. (சிகாகோ)

அந்தப் பிளக்கில் வரும் கம்பி மெல்லியது. எஞ்சினிலிருந்து கேம்பர் வரை வருவதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். பிரிட்ஜை 12 வோல்ட்டில் ஓட்டினால் வருவதும் போய்விடும். டிரக் பேட்டரியிலிருந்து தடித்த கம்பி தனியாக இழுத்து, இரண்டு முனையிலும் ஃபியூஸ் போட்டு, கேம்பர் பேட்டரிக்கு அருகில் டிசி-டிசி சார்ஜர் (டிரக்கின் மின்சாரத்தைக் கேம்பர் பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றித் தருவது) வையுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் அந்தச் சார்ஜர் இல்லாமல் போகாதீர்கள், பழைய ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். பழைய வேலை வண்டியில் சுழல் விளக்குக்கும் ரேடியோவுக்கும் இழுத்த கம்பிகள் வெட்டிய முனையோடு தொங்கும், சிலவற்றில் இன்னும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவிடுங்கள்.

தம்பி, எனக்கு 67 வயது. நானும் என் வீட்டம்மாவும் மட்டும்தான். டூயலியில் ஏற்றி இறக்க எங்களால் முடியுமா? (ரிச்மண்ட் ஹில்)

முடியும் ஐயா. மோட்டார் வைத்த ஜாக்கி இருக்கும் கேம்பராக வாங்குங்கள், கையில் ரிமோட் இருக்கும், குனியவே வேண்டாம். டூயலியின் பின்புறம் அகலம் என்பதால் முன் ஜாக்கிகளுக்கு வெளியே தள்ளி நிற்கும் பிராக்கெட் வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஜாக்கிக் காலில் இடிக்கும். சமதரையில் மட்டும் செய்யுங்கள். பின்னால் ஓட்டும்போது அம்மா பக்கவாட்டில் தள்ளி நின்று சைகை காட்டட்டும், கேம்பருக்கு அடியில் ஒருவரும் கை நீட்ட வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும், ஐந்தாவது தடவை இருபது நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள்.

ஏலத்தில் வாங்கும்போது மைல் குறைவாக இருந்தால் போதுமா? (சார்லட்)

போதாது. கவ்டீல்ஸ் போன்ற ஏலத் தளங்களில் வரும் அரசு வண்டிகள் நிறைய நேரம் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தவை. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் இருந்தால் பாருங்கள். நின்று ஓடிய ஒரு மணி நேரத்தை 25 முதல் 33 மைல் என்று கணக்கு வைப்பது வழக்கம். 60,000 மைல் காட்டும் வண்டியின் எஞ்சின் அதைப்போல இரண்டு மடங்கு உழைத்திருக்கலாம். ஆனால் அரசு வண்டிகளுக்குப் பராமரிப்புப் பதிவேடு இருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

உங்கள் வட கரோலினா மாநிலத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். டர்ஹம் ஊரில் லாரிகளின் கூரையைச் சீவிப் பெயர் வாங்கிய ரயில் பாலம் முன்பு 11 அடி 8 அங்குலம், 2019-இல் உயர்த்தி இப்போது 12 அடி 4. கேம்பர் ஏற்றியபின் ஏசி மூடி வரைக்கும் உயரத்தை நாடா வைத்து அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அண்ணா, எல்லாம் பொருத்தியாகிவிட்டது. அடுத்த வாரம் முதல் பயணம், ஐசன்ஹவர் சுரங்கம் வழியாக. என்ன கவனிக்க வேண்டும்? (டென்வர்)

சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், மெதுவாக வலது தடத்தில் போங்கள். இறங்கும்போது சரிவு தொடங்குவதற்கு முன்பே ஓவர்டிரைவை (எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் மேல் கியர்) அணைத்துக் கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வராதீர்கள், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள், மறுபடி ஏறினால் மறுபடி அழுத்துங்கள்.

புறப்பட்ட பத்தாவது மைலில் நிறுத்தி நாலு டர்ன்பக்கிளையும் கையால் ஆட்டிப் பாருங்கள், ரப்பர் பாய் அமுங்கி முதலில் கொஞ்சம் தளரும். 100 மைல் ஓடியதும், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் வீல் நட்டுகளை முறுக்குங்கள், டூயலியின் உள்சக்கரம் உட்கார அவ்வளவு தூரம் ஆகும். சுரங்கத்துக்கு முன்னால் எடை மேடை வரும் டிரக் ஸ்டாப்பில் தண்ணீர் நிரப்பியபின் ஏறி நில்லுங்கள். சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பின் அச்சு எண்ணை நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.